மோட்டார் நிற்க இன்னும் 4294967294 நிமிடம்

மோட்டாரைப் போட்டுவிட்டு வாட்ச்மேன் டீ குடிக்கப் போய்விடுகிறார், தொட்டி வழிகிறது என்று, எங்கள் அபார்ட்மெண்டின் இரண்டாம் மாடிப் பையன் ஒரு டைமர் பெட்டி செய்து மாட்டினான். 40 நிமிடம் ஓடித் தானாக நிற்கும். மீதி நேரம் திரையில் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் செகரட்டரி சார் வந்து நின்றார், வேட்டி முழங்கால் வரை ஈரம்.

"திரையில 4294967294 நிமிஷம்னு காட்டுது சார். கணக்குப் போட்டேன், எட்டாயிரம் வருஷத்துக்கு மேல வருது. கரண்ட் பில் யார் கட்டுறது?"

பையனைக் கூப்பிட்டு, பெட்டிக்காக அவன் C மொழியில் எழுதிய கோடைத் திறந்தோம். மொத்தத்திலிருந்து ஓடியதைக் கழி, மீதி பூஜ்யத்தைவிடப் பெரிதென்றால் மோட்டார் ஓடட்டும். எல்லாமே அன்சைன்டு இன்ட், அதாவது மைனஸ் குறி இல்லாத முழு எண்.

"நேரம் எப்படிண்ணா மைனஸ்ல போகும்?"

நியாயமான கேள்விதான். ஆனால் பெட்டியின் வைஃபை அறுந்து, திரும்ப இணையும்வரை, நேரத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கும் லூப் அப்படியே நின்றிருக்கிறது. 39 நிமிடத்தைப் பார்த்த கோடு அடுத்து பார்த்தது 42-ஐ. 40-இல் 42 போனால் நமக்கு மைனஸ் 2. 32 பிட் அன்சைன்டுக்கு மைனஸ் என்பதே கிடையாது; பூஜ்யத்துக்குக் கீழே போனால் பழைய ஸ்கூட்டர் மீட்டரைப் பின்னால் சுற்றியதுபோல உச்சிக்குப் போய்விடும்; மைனஸ் 2 அப்படித்தான் 4294967294 ஆனது. C விதிப்படி இது தவறே இல்லை என்பதால் கோடை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரும் வாய் திறக்கவில்லை.

"சிம்பிள்ணா" என்று, மைனஸ் குறியை நீக்கிவிடும் ஆப்ஸ் ஃபங்ஷனை நடுவில் செருகினான். ரௌட்டரை அணைத்துச் சோதித்தோம். மீதி 2 நிமிடம் என்று வந்தது. அப்புறம் 3. அப்புறம் 4. ஓட ஓட வேலை கூடுகிற மோட்டாரை செகரட்டரி சார் கண் இமைக்காமல் பார்த்தார்.

கடைசியில் கழிப்பதற்கு முன்பே, 'ஓடியது மொத்தத்தை எட்டிவிட்டதா?' என்று கேட்க வைத்தோம். எட்டியிருந்தால் மோட்டார் ஆஃப், மீதி 0. அவ்வளவுதான்.

சூடுபட்ட பையன் எல்லாவற்றையும் மைனஸ் தாங்கும் சாதா இன்ட் ஆக்கக் கிளம்பினான். 'இப்போதைய நேரத்திலிருந்து ஆரம்பித்த நேரத்தைக் கழி' என்ற மில்லிசெகண்டு வரியில் மட்டும் கையைப் பிடித்தேன். மில்லிசெகண்டை எண்ணும் 32 பிட் கவுண்டர் 49.7 நாளில் மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அன்சைன்டாகவே கழித்தால்தான் அந்த எல்லையைத் தாண்டும்போதும் வித்தியாசம் சரியாகக் கிடைக்கும். அங்கே இந்தச் சுற்றலே நமக்குத் துணை.

எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த செகரட்டரி சார் காலண்டரை எடுத்து நாள் எண்ணினார்.

"அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் ஊர்லதானே இருப்பீங்க?"