வெசிக்கிள்களை நிறுத்தி வைக்கும் புரதங்கள்: ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3

செல்லுக்குள் நடக்கும் போக்குவரத்தைப் பாடநூல்கள் அம்புக்குறிகளால் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. எண்டோபிளாச வலையிலிருந்து கோல்கை உறுப்புக்கு ஓர் அம்பு, அங்கிருந்து பிளாஸ்மா சவ்வுக்கு இன்னொன்று. அந்தச் சவ்வுப் பைகள், அதாவது வெசிக்கிள்கள், எப்போது புறப்படுகின்றன, எங்கே காத்திருக்கின்றன, வழியில் எதிர்ப்படும் வேறொரு சவ்வோடு ஏன் இணைந்துவிடுவதில்லை என்பதைப் படம் சொல்வதில்லை. ஒழுங்குபடுத்தும் வேலையின் பெரும்பகுதி நகர்த்துவதில் இல்லை, நிறுத்தி வைப்பதிலும் பிரித்தெடுப்பதிலும்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். இனிவரும் குறிப்புகளில் அதையே தொடர்கிறேன்.

செல் உயிரியலாளர்கள் ராண்டி ஷெக்மனும் பீட்டர் நோவிக்கும் ஈஸ்டில் செய்த ஆய்வு இதற்கு நல்ல தொடக்கம். 25 டிகிரி செல்சியஸில் இயல்பாக வளர்ந்து, 37 டிகிரியில் சுரப்பு நின்றுபோகும் சடுதிமாற்ற ஈஸ்ட்களை அவர்கள் தேடினார்கள். சுரக்க முடியாத செல் பருமனில் வளராது. ஆனால் உள்ளே புரதம் உற்பத்தியாகிக்கொண்டே இருப்பதால் அதன் அடர்த்தி கூடும். ஆகவே மையவிலக்கில் சுழற்றியபோது குறையுள்ள செல்கள் மற்றவற்றைவிட ஆழத்தில் தங்கின, பிரித்தெடுப்பது எளிதாயிற்று. 1980இல் அவர்கள் வெளியிட்ட பட்டியலில் 23 மரபணுக்கள் இருந்தன. எந்த மரபணு பழுதடைந்ததோ அதற்கேற்ப, சரக்கு வெவ்வேறு கட்டங்களில் தேங்கி நின்றது.

மார்ச் 5

இன்று வெசிக்கிள் உருவாகும் இடம். எண்டோபிளாச வலையிலிருந்து வெசிக்கிளைப் பிதுக்கியெடுக்கும் புரதப் போர்வை காப்-2 உறை. அதைத் தொடங்கிவைப்பது சார்1 என்னும் சிறு புரதம். குவானோசின் டிரைபாஸ்பேட் என்னும் சிறு மூலக்கூறைப் பற்றியிருக்கும்போது அது தன் முனையிலுள்ள சுருளைச் சவ்வுக்குள் செருகிக்கொள்ளும். அந்த மூலக்கூறு டைபாஸ்பேட்டாகச் சிதைந்ததும் சார்1 விலகிவிடும். சார்1-ஐ இயக்கநிலைக்குக் கொண்டுவரும் செக்12 என்னும் புரதம் எண்டோபிளாச வலையின் சவ்விலேயே பதிந்திருப்பதால், இந்த உறை கண்ட இடத்தில் உருவாவதில்லை.

என்னை மிகவும் ஈர்த்தது அடுத்த கட்டம். உறையின் உள்ளடுக்கிலுள்ள செக்23 என்னும் புரதம் சார்1-இன் டிரைபாஸ்பேட்டைச் சிதைக்கத் தூண்டுகிறது. வெளியடுக்கு வந்து சேர்ந்ததும் அந்தச் சிதைவு மேலும் விரைவுபடுகிறது. கட்டி முடிக்கும் செயலே கலைப்பதையும் தொடங்கிவைக்கிறது. டிரைபாஸ்பேட்டுக்குப் பதிலாகச் சிதையாத மாற்று மூலக்கூறைக் கொடுத்துச் சோதித்தபோது உறையோடு கூடிய வெசிக்கிள்கள் நன்றாகவே உருவாயின. ஆனால் உறை கழலாததால் அவை கோல்கையோடு இணையவில்லை.

மார்ச் 6

ராப் புரதங்களைப் பற்றிச் சுருக்கமாக. மனிதரில் அறுபதுக்கும் மேற்பட்டவை உள்ளன. செல் உள்ளிழுத்த பொருள்களைத் தரம்பிரிக்கும் சவ்வுப் பைகள் எண்டோசோம்கள். ராப்5 தொடக்கநிலை எண்டோசோமிலும், ராப்7 பிந்தைய எண்டோசோமிலும் அமர்ந்து, சவ்வின் அடையாளத்தை அறிவிக்கின்றன. எதிர்ச் சவ்விலிருந்து நீளும் பிணைப்புப் புரதங்கள் அந்த அடையாளத்தைப் பார்த்தே வெசிக்கிளைப் பற்றுகின்றன. ராப்27ஏ பழுதானால் கிரிசெல்லி நோயின் ஒரு வகை உண்டாகிறது: நிறமித் துகள்கள் உரிய இடம் சேராமல் முடி வெள்ளிநிறம் கொள்கிறது, நோயெதிர்ப்பு செல்களின் நச்சுத் துகள்களும் வெளியேறுவதில்லை.

மார்ச் 9

நரம்பு முனையில் வெசிக்கிளை இணைப்பவை ஸ்னேர் புரதங்கள். வெசிக்கிளிலுள்ள சினாப்டோபிரெவின் ஒரு சுருளையும், எதிர்ச் சவ்விலுள்ள சின்டாக்சின் ஒரு சுருளையும், ஸ்னாப்-25 இரண்டையும் தர, நான்கும் சவ்விலிருந்து தொலைவான முனையில் பின்னத் தொடங்கி, ஜிப்பை இழுத்து மூடுவதுபோலச் சவ்வை நோக்கி முறுகிவந்து இரு சவ்வுகளையும் நெருக்குகின்றன. இந்தக் கட்டின் நடுவே, நீரை விலக்கும் அமினோ அமிலங்களுக்கிடையில், மூன்று குளுட்டமினும் ஓர் ஆர்ஜினினும் கொண்ட அடுக்கு ஒன்று தனித்துத் தெரிகிறது.

இத்தனை ஆற்றல் வாய்ந்த பொறி தானாக இயங்கிவிட்டால் நரம்புச் செய்திக்குப் பொருளே இராது. அதனால் முன்க்18 என்னும் புரதம் சின்டாக்சினை மூடிய நிலையில் பிடித்துக்கொள்கிறது, முன்க்13 என்னும் இன்னொரு புரதம் அதைத் திறக்க உதவுகிறது. பாதி முறுகிய நிலையில் நிற்கும் வெசிக்கிள், கால்சியம் அயனிகள் உள்ளே பாய்ந்து கால்சியத்தை உணரும் சினாப்டோடாக்மின் புரதத்தில் ஒட்டியதும், ஒரு மில்லிநொடிக்கும் குறைவான நேரத்தில் திறக்கிறது. ஸ்னேர் கட்டில் ஒட்டும் சிறு புரதமான காம்ப்ளெக்சினைத் தடைக்கட்டை என்று மட்டும் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். அது இல்லாத ஈக்களில் தூண்டலின்றியே சுரப்பு பெருகுகிறது. எலி நரம்புகளிலோ தூண்டலுக்கு எழும் சுரப்பு குறைகிறது.

மார்ச் 10

பாக்டீரியா நச்சுகளான டெட்டனஸ் நச்சும் பி வகை பாட்டுலினம் நச்சும் சினாப்டோபிரெவினை ஒரே பிணைப்பில் வெட்டுகின்றன. முதலாவது தண்டுவடத்தில் தசையை அடக்கும் நரம்புகளை முடக்குவதால் உடல் விறைக்கிறது. இரண்டாவது தசைக்குச் செல்லும் நரம்பு முனையிலேயே தங்கிவிடுவதால் தசை துவண்டுபோகிறது. வெட்டு ஒன்றுதான், அது எந்த நரம்பில் விழுகிறது என்பதே நோயைத் தீர்மானிக்கிறது.

மார்ச் 13

இணைவு முடிந்தபின் நான்கு சுருள்களும் ஒரே சவ்வில் இறுகிக் கிடக்கின்றன, தாமாகப் பிரியா. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் ராத்மனின் குழு கண்டறிந்த என்எஸ்எஃப் என்னும் புரதம், ஆறு அலகுகள் கூடிய வளையமாக, ஆல்ஃபா-ஸ்னாப்பின் (இது ஸ்னாப்-25 அன்று, வேறொரு புரதம்) துணையோடு, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைச் செலவழித்து அவற்றைப் பிரிக்கிறது. ஈஸ்டில் இதற்கு இணையானது செக்18. செல் இங்கே ஆற்றலைச் செலவிடுவது இணைப்பதற்கு அன்று, அடுத்த இணைவுக்குப் பொறியைத் தயார்செய்வதற்கு. என்எஸ்எஃப் புரதத்தில் வெப்பத்துக்குத் தாங்காத மாற்றமுள்ள பழ ஈக்களைச் சூடான சூழலில் வைத்தால், பிரிக்கப்படாத ஸ்னேர் கட்டுகள் நரம்பு முனைகளில் குவிந்து ஈக்கள் செயலிழந்து விழுகின்றன.