ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்

எங்கப்பா ரிட்டயர் ஆன மறுநாள் காலைல எப்பவும்போல ஷேவ் பண்ணி, அயர்ன் பண்ண சட்டைய மாட்டிக்கிட்டு, பாக்கெட்ல பேனாவ சொருகிக்கிட்டு ஹால்ல வந்து உக்காந்தாரு. எங்கயும் போகல, சும்மாதான். ஒரு மாசம் கழிச்சும் பேனா பாக்கெட்லயே இருந்துச்சு. எது கேட்டாலும் "எல்லாம் ரிட்டயர் ஆனப்புறம் பாத்துக்கலாம்"னு தள்ளிப்போட்ட மனுஷனுக்கு, அந்த "எல்லாம்" என்னன்னே மறந்துபோச்சு போல.

இத்தனைக்கும் இந்த வயசுக் கணக்கெல்லாம் யாரோ போட்ட கோடுதான். ஜெர்மனில சான்சலரா இருந்த பிஸ்மார்க் 1889ல முதியோர் பென்ஷன் கொண்டு வந்தப்ப வயசு 70, அப்புறம் 1916லதான் 65 ஆக்குனாங்க. நாம அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் பூரா உழைப்பு, அந்தப் பக்கம் பூரா ஜாலின்னு பிரிச்சு வச்சிருக்கோம்.

சாக்மைஸ்டர்னு ஒரு டிசைனர், ஏழு வருஷத்துக்கு ஒருதடவ ஸ்டூடியோவயே ஒரு வருஷம் இழுத்து மூடிடுவாரு, கடைசில வர்ற ஓய்வுலேர்ந்து அஞ்சு வருஷத்த உருவி நடுநடுவுல சொருகிக்கிறதா அவர் கணக்கு. நமக்கு ஒரு வருஷமெல்லாம் கட்டுப்படியாகாது, ரெண்டு வருஷம் தனியா காசு சேத்து சம்பளமில்லாம மூணு மாசம் லீவு போட்டேன். மொத ரெண்டு வாரம் நரகம்ங்க. அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ கை தானா மொபைலுக்குப் போவுது, மத்தியானம் தூங்குனா ஏதோ தப்பு பண்ண மாதிரி இருக்கு. மூணாவது வாரம் நீச்சல் கத்துக்கப் போனேன், என் பேட்ச்ல மிச்ச எல்லாரும் பத்து வயசு பசங்க. சும்மா இருக்கறதுக்கும் பழகணும்னு அப்பதான் புரிஞ்சுது, அறுபதுல திடீர்னு வராது.

காசு? 1994ல பில் பெங்கன்னு ஒரு அமெரிக்க நிதி ஆலோசகர், சேத்த காசுல மொத வருஷம் 4 சதவீதமும் அப்புறம் விலைவாசிக்கேத்தபடி கூட்டியும் எடுத்தா காசு தீராதுன்னு சொன்னாரு, அந்தக் கணக்குப்படி வருஷச் செலவப் போல 25 மடங்கு கையில வேணும் (அது அமெரிக்க மார்க்கெட்ட வச்சு, 30 வருஷத்துக்குப் போட்டது, அப்படியே நம்பிடாதீங்க). அதப் பாத்துட்டுதான் பாதிப்பேரு மூச்சுவிடாம ஓடறோம். ஆனா வேலைய முழுசா விடாம, பிடிச்ச வேலை கொஞ்சமா பாத்து பாதிச் செலவு அதுலயே வந்துச்சுன்னா அந்த 25 பன்னெண்டரை ஆயிடுது! அதுக்காக கிரெடிட் கார்டுல டூர் போயிட்டு வந்து இஎம்ஐ கட்டறத நான் சொல்லல, அது வருங்காலத்து நம்மகிட்டேயே கடன் வாங்கறது. நான் இப்ப சம்பளம் வந்ததும் சேமிப்ப ஒரு அக்கவுண்ட்லயும் ஊர் சுத்தறதுக்கு இன்னொன்னுலயும் போட்டுடறேன், ரெண்டாவதுல இருக்கறத செலவு பண்ணியே ஆகணும். அது என்னவோ சேக்கறத விட கஷ்டமா இருக்கு.

அப்பா இப்ப தெரிஞ்சவர் ஒருத்தர் கடைக்கு வாரத்துல ரெண்டு நாள் கணக்கெழுதப் போறாரு. போன வாரம் போன் பண்ணி, பேனா லீக் அடிக்குது, வரும்போது புதுசு ஒண்ணு வாங்கிட்டு வாடான்னாரு.