ரப்பர் பிடி ஏன் பிசுபிசுக்கிறது?

வேட்டைக் கத்தியில் ரப்பர் பிடி என்று நாம் சொல்வது பெரும்பாலும் மரத்துப் பால் ரப்பர் இல்லை, உருக்கி வார்க்கும் செயற்கை ரப்பர். ஸ்வீடனின் மோரா கம்பானியன் கத்தியில் கெட்டியான பிளாஸ்டிக் உள்கூட்டின் மேல் இதைப் போர்த்தியிருக்கிறார்கள். ரத்தமும் கொழுப்பும் படிந்த ஈரக் கையிலும் எளிதில் வழுக்காது. அதற்காகவே இது எனக்குப் பிடிக்கும்.

இந்த ரப்பருக்கு முதல் எதிரி எண்ணெய். அலகுக்குப் பூசும் கனிம எண்ணெய், டபிள்யூடி-40 என்ற துரு நீக்கும் ஸ்ப்ரே, பெட்ரோல் எல்லாம் உள்ளே ஊறி அதை உப்ப வைக்கும், இளக்கும், பிறகுதான் பிசுபிசுப்பு. கழுவாமல் விட்ட விலங்குக் கொழுப்பும் மெதுவாக அதையே செய்யும். டீட் என்ற ரசாயனம் கலந்த கொசு விரட்டி பட்ட கையோடும் பிடிக்காதீர்கள், அதுவும் இளக்கும். வெயிலும் ஓசோனும் செய்யும் கேடு வேறு: மேல்பரப்பு வெளிறி நுண்விரிசல் விடும்.

வேலை முடிந்ததும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, துடைத்து, உறைக்கு வெளியே நிழலில் உலர விடுங்கள். எண்ணெயைத் துணியில் ஒரு சொட்டு எடுத்து அலகுக்கு மட்டும் பூசினால் போதும். லேசான பிசுக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் போய்விடும். திரும்பத் திரும்ப வந்தால் ரப்பரே சிதைகிறது என்று அர்த்தம். பிடியும் இரும்பும் சேரும் இடத்தில் இடைவெளி விழுந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கார்பன் ஸ்டீல் என்றால் அங்கே புகுந்த நீர் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே துருவை வளர்க்கும்.