ஒரு சாண் உயரத்தில் ஓர் அறிஞர்: நியூயார்க்கில் ஹால்ஸின் ஸ்கிரிவேரியஸ்

மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் இரண்டாம் தளத்துக்கு வருபவர்கள் பெரும்பாலும் ரெம்ப்ராண்டையும் வெர்மீரையும் தேடிப் போய்விடுகிறார்கள். டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸ் 1626இல் தீட்டிய பெட்ரஸ் ஸ்கிரிவேரியஸ் உருவப்படத்துக்கும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். மரப்பலகையில் எண்ணெய் வண்ணம், உயரம் 22.2 செ.மீ., அகலம் 16.5 செ.மீ. ஒரு சாண்தான்.

ஸ்கிரிவேரியஸ் லைடன் நகரத்து அறிஞர். ஹாலந்தின் வரலாற்றை எழுதியவர், லத்தீன் கவி மார்ஷலைப் பதிப்பித்தவர். படத்தில் அவருக்கு வயது 50. ஆனால் புத்தகமோ இறகுப் பேனாவோ எங்கும் இல்லை. அவரைச் சுற்றி ஹால்ஸ் வரைந்திருக்கும் முட்டை வடிவச் சட்டம்தான் அவர் நூலாசிரியர் என்பதை உணர்த்துகிறது. நூலாசிரியர்களின் செதுக்கு ஓவியங்களை அக்காலத்தில் பெரும்பாலும் இப்படிப்பட்ட சட்டத்துக்குள்தான் அச்சிடுவார்கள். அதே ஆண்டு யான் வான் டே வெல்டே இந்தப் படத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கவும் செய்தார்.

அதனால் முகத்துக்குப் போகுமுன் சட்டத்தைப் பாருங்கள். ஒளி இடப்பக்கத்திலிருந்து வருகிறது. சட்டத்தின் உள்விளிம்பு பின்புலத்தின் மேல் நிழல் போடுவதால், மனிதர் ஒரு சாளரத்துக்கு உட்புறம் இருப்பதாகத் தெரிகிறது. உடனே அந்த எண்ணத்தைக் கலைக்கிறது கையுறை பிடித்த கை: சட்டத்தைத் தாண்டி நம் பக்கம் நீள்கிறது. பின்புலம், சட்டம், கை என்று ஆழம் மூன்றாகப் பிரிவது இந்த ஓர் இடத்தால்தான். கை உள்ளேயே நின்றிருந்தால் சட்டம் வெறும் அலங்காரக் கரையாகிவிடும். முட்டை வடிவத்தை ஒட்டி வெட்டிய நகல்கள் தட்டையாகத் தெரிவதற்குக் காரணமும் அதுவே.

இவ்வளவு சின்னப் பலகையில் பல ஓவியர்கள் தூரிகைத் தடமே தெரியாமல் இழைத்துவிடுவார்கள். ஹால்ஸ் அப்படிச் செய்யவில்லை. சுமார் இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் முகம் ஒரே திரளாகச் சேர்ந்து நிற்கும். காவலர் அனுமதிக்கும் அளவுக்கு நெருங்கினால் அது தனித்தனித் தீற்றல்களாகப் பிரியும். நெற்றி மேட்டையும் மூக்குத் தண்டையும் பாருங்கள். ஈர வண்ணத்தின் மேலேயே அடுத்த வண்ணம் விழுந்திருக்கிறது. கழுத்துப்பட்டையின் ஒவ்வொரு மடிப்பையும் அவர் எண்ணி வரையவில்லை. சாம்பல் நிறத்தின் மேல் ஒளி படும் இடங்களில் மட்டும் வெள்ளையை வைத்திருக்கிறார். செதுக்குபவருக்கு இருப்பது கோடும் வெற்றிடமும் மட்டுமே என்பதால் ஒளி எது, இருள் எது என்ற பிரிவு ஐயமில்லாமல் இருந்தாக வேண்டும். அந்தத் தெளிவு இங்கே முழுமையாக இருக்கிறது.

கறுப்பு உடைதான் பார்க்கக் கடினமானது. மேலிருந்து வரும் வெளிச்சம் மேற்பரப்பில் பட்டுப் பளபளத்தால் கறுப்பு முழுவதும் ஒரே பரப்பாகிவிடும். அரை அடி பக்கவாட்டில் நகர்ந்தால் மடிப்புகள் மீண்டும் தெரியும். செல்பேசிப் படத்தில் இந்த நுண்மை பெரும்பாலும் போய்விடுகிறது; பிளாஷுக்கும் அனுமதியில்லை. அருங்காட்சியகத் தளத்தில் உயர்தரப் படம் இலவசமாகவே கிடைக்கிறது, அதை இறக்கிக்கொள்ளலாம்.

மனைவி அன்னா வான் டெர் ஆரின் படம் இதற்கு இணை. அளவும் ஆண்டும் ஒன்றே. கணவர் இடப்புறம், மனைவி வலப்புறம், ஒருவரை நோக்கி ஒருவர் திரும்பியபடி. கணவர் படத்தை மட்டும் தனியாகப் பார்த்தால் ஒருபக்கம் சாய்ந்த அமைப்பாகத் தோன்றும். இரண்டும் 1929இல் திருமதி ஹேவ்மெயரின் கொடையாக அருங்காட்சியகத்துக்கு வந்தவை.

86ஆம் தெரு நிலையத்தில் 4, 5, 6 ரயில்கள் நிற்கும். அங்கிருந்து மேற்கே ஐந்தாம் அவென்யூவுக்கு நடக்கலாம். புதன்கிழமை விடுமுறை. படங்களை அவ்வப்போது இடம் மாற்றுவார்கள் என்பதால், கிளம்பும் முன் காட்சிக்கூடத்தின் எண்ணை இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.