பீரோவைத் திறந்த பிறகு

ஜூன் 18
இந்த வருடம் நூலகப் பொறுப்பு எனக்கு. எங்கள் நடுநிலைப் பள்ளியில் நூலகம் என்றால் தலைமையாசிரியர் அறையில் நிற்கும் இரண்டு இரும்பு பீரோக்கள். திறந்ததும் அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது. இருப்புப் பதிவேட்டில் 412 புத்தகங்கள். எண்ணினேன், 412-ம் இருக்கின்றன. ஒன்றுகூடத் தொலையவில்லை, ஒன்றுகூடக் கிழியவில்லை. மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 27
பூட்டி வைத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். புத்தகம் தொலைந்தால் பொறுப்பாசிரியர்தான் பதில் சொல்ல வேண்டும் என்ற பயம். எனக்கும் அது உண்டு. தலைமையாசிரியரிடம் கேட்டேன். "கிழிஞ்சா ஒட்டிக்கலாம் டீச்சர், எடுத்துக் கொடுங்க" என்றார்.

ஜூலை 4
காலி வகுப்பறையில் ஜன்னல் கம்பிகளுக்கு இடையே சணல் கயிறு கட்டி, புத்தகங்களை நடுவில் விரித்துத் தொங்கவிட்டோம். பீரோவில் முதுகுதான் தெரியும். மெலிசான சிறுவர் புத்தகத்துக்கு முதுகில் பெயரே இருக்காது. அட்டைப்படம் தெரிந்தால்தானே கை போகும்? ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் உயரத்துக்குத் தனியாக ஒரு கயிறு. சாப்பாட்டு மணி முடிந்ததும் ஈரக் கையோடு ஓடி வந்தார்கள்.

படித்ததைச் சுருக்கி எழுதிக் கொண்டுவா என்று யாரிடமும் கேட்கப்போவதில்லை. கேட்டால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடும்.

ஜூலை 16
பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களில், எளிதானதிலிருந்து கடினமானது வரை நான்கு படி: நுழை, நட, ஓடு, பற. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் 'பற' புத்தகங்களைப் புரட்டுகிறான்; கண் வரியில் ஓடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டபோதுதான் தெரிந்தது, எழுத்துக் கூட்டித்தான் வாசிக்கிறான். 'நுழை'யைத் தொட வெட்கம்.

"ஒண்ணாம் வகுப்புக்குக் கதை படிச்சுக் காட்ட ஆள் வேணும், வர்றியாப்பா?" என்றேன். அப்புறம் எல்லார் முன்னாலும் 'நுழை' புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனான். வீட்டில் நாலு தடவை படித்துப் பார்க்கிறானாம்.

ஆகஸ்ட் 12
நூலகர் தினம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில், 1892-ல் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனைப் பற்றிப் பேசினேன். கணக்கு ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-ல் அவர் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தில் முதல் விதி, நூல்கள் பயன்படுத்தவே. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்ததை அந்த விதியை விளக்கும் இடத்தில் விவரிக்கிறார்.

"மாட்டைக் கட்டுற மாதிரியா டீச்சர்?" என்றது ஒரு குரல். எனக்கு பீரோச் சாவி ஞாபகம் வந்தது.

ஆகஸ்ட் 22
மூன்று புத்தகங்கள் திரும்பி வரவில்லை. ஒன்று சாம்பார்க் கறையோடு வந்தது. தம்பிக்குச் சோறு ஊட்டும்போது படித்துக் காட்டியிருக்கிறாள் ஆறாம் வகுப்புப் பெண், பயந்துகொண்டே நீட்டினாள். "தம்பி ஒழுங்கா சாப்பிட்டானா?" என்று கேட்டு அடுத்த புத்தகத்தைக் கொடுத்தேன்.

சாயங்காலம் அந்த ஏழாம் வகுப்புப் பையன் வந்தான். கதையில் வரும் ஆட்டுக்குட்டி கடைசியில் வீட்டுக்குப் போனதா என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டுவிட்டதாம். புத்தகத்தில் அது இல்லை. கடைசிப் பக்கத்தை விரலால் தொட்டு, ஒவ்வொரு சொல்லாக மறுபடி வாசித்துக்கொண்டிருந்தான்.