பாறையோடு வந்தவர்கள்

பிப்ரவரி 2, 2025, ஞாயிறு

என் 120 லிட்டர் கடல்மீன் தொட்டிக்கு நேற்று பாறை வந்துவிட்டது, சின்னச் சின்னக் கடலுயிர்கள் குடியிருக்கும் பாறை. சிங்கப்பூரை விட்டுக் கிளம்பும் ஒருவர் தன் தொட்டியைக் கலைத்தார். அவரிடம் வாங்கியது, 9 கிலோ. ஈரத்துணியில் சுற்றி, டாக்ஸியில் மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். தொட்டி நீரின் உப்படர்த்தி 1.025, வெப்பம் 27 டிகிரி. இந்த ஊர்ப் புழுக்கத்துக்கு விசிறி இரவும் பகலும் ஓட வேண்டியிருக்கிறது. மீன் இன்னும் ஒன்றுகூட விடவில்லை. ஆனாலும் பொந்துகளுக்குள் ஏதேதோ அசைகிறது. ஒவ்வொன்றுக்கும் பெயர் கண்டுபிடித்து இங்கே எழுதி வைக்கப்போகிறேன்.

பிப்ரவரி 6

மணல் மேல் காப்பித்தூள் தூவியதுபோல் பழுப்பு. டயாட்டம் என்னும் நுண்பாசி. புதுத் தொட்டிக்கு வழக்கமாக வருவதுதான், சில வாரங்களில் தானே போய்விடும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள். சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று பிளேடால் சுரண்டப் போனேன். "இருங்க, சுத்திச் சுத்தி இருக்கே" என்றாள் மனைவி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் உண்மைதான். ஒவ்வொன்றும் 1 மில்லிமீட்டர் அகலச் சுருள், கொசுவர்த்தியைக் குட்டியாக்கி ஒட்டி வைத்ததுபோல. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தேன். ஒரு சுருளின் வாயிலிருந்து விசிறி ஒன்று விரிந்தது. என் நிழல் பட்டதும் உள்ளே போய்விட்டது. ஸ்பைரோர்பிட் புழு. தானே சுண்ணாம்புக் குழாய் கட்டி அதற்குள் இருந்துகொண்டு, நீரில் மிதப்பதை வடிகட்டித் தின்னும். யாருக்கும் கெடுதல் இல்லை. பிளேடை எடுத்து வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 12

இன்று ஒரு தவறு செய்தேன். ராத்திரி கண்ணாடியில் கறுப்பாக ஒன்று, இரண்டு சென்டிமீட்டர் நீளம், வழவழவென்று ஊர்ந்தது. பார்க்க அட்டை மாதிரி இருந்தது. இடுக்கியால் பிடித்தேன். பின்பாதி கழன்று விழுந்து தனியாகத் துடித்தது. பயந்துபோய் இரண்டையும் சமையலறைத் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

அப்புறம்தான் படம் தேடினேன். அது ஸ்டோமடெல்லா. அட்டையே அல்ல, நத்தை. முதுகில் நகம் அளவுக்கு ஓர் ஓடு இருந்ததை நான் கவனிக்கவில்லை. பல்லி வாலை விடுவதுபோல் காலின் பின்பகுதியைக் கழற்றிவிட்டுத் தப்பிக்கும் உயிர். இரவெல்லாம் பாசியை மேய்ந்து கண்ணாடியைச் சுத்தம் செய்வது அதன் வேலை. தப்பிக்க அது செய்ததைப் பார்த்துத்தான் நான் பயந்தேன் என்பதை நினைக்க நினைக்க மனது கேட்கவில்லை.

இனிமேல் பெயர் தெரியாமல் எதையும் தொட்டியிலிருந்து எடுப்பதில்லை.

பிப்ரவரி 19

டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு பதினொரு மணிக்கு உட்கார்ந்தேன். கடல் பிராணிகள் பலவற்றுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாக உறைக்காது. அடிப்பாறை இடுக்கிலிருந்து ரோஸ் நிறத்தில் ஒரு புழு, நாலு விரற்கடை வெளியே வந்தது. இரு பக்கமும் வெள்ளை முடிக்கற்றைகள். பிரிஸில் புழு. அந்த முடி ஒவ்வொன்றும் கண்ணாடி ஊசி மாதிரி. வெறும் கையில் குத்தினால் நாள்கணக்கில் எரியும். இதையே நெருப்புப் புழு என்று பிடித்துக் கொல்பவர்கள் உண்டு. பவளத்தைத் தின்னும் நெருப்புப் புழு வேறு. அது இன்னும் பருமன், முடிக்கற்றைகளின் அடியில் சிவப்புச் செவுள்கள் கொத்துக்கொத்தாக இருக்கும், தலைமேல் மடிப்பு மடிப்பாகச் சதை இருக்கும். இதில் அவை தென்படவில்லை. மீந்த தீனியையும் செத்ததையும் தின்று இடுக்குகளைச் சுத்தமாக வைக்கிற புழு. இருக்கட்டும். கையுறை மட்டும் வாங்க வேண்டும்.

மார்ச் 2, ஞாயிறு

போன வாரம் ஒன்றாக இருந்த பழுப்புப் பூ இன்று நாலு. கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் தண்டு, மேலே ஒல்லியான கூரிய இழைகள், தொட்டால் சட்டென்று பொந்துக்குள் இழுத்துக்கொள்கிறது. எய்ப்டேசியா என்னும் கடல் சாமந்தி. இழை நுனி குமிழாக இருந்தால் மஜானோ என்ற வேறு சாமந்தி, இதில் அப்படியில்லை. சுரண்டி எடுக்கலாம் என்று தோன்றும், செய்யக் கூடாது. அடிப்பாதத்தின் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலே போதும், அதிலிருந்து புதிதாக ஒன்று வளரும். பக்கத்துப் பவளத்தைக் கொட்டிக் கொட்டியே சாகடிக்கும். பெயர் தெரிந்தபின் எடுக்க வேண்டியது என்று நான் முடிவு செய்த முதல் உயிர் இதுதான்.

பாறையைக் கொதிக்க வைத்துவிடச் சொன்னார் ஒரு நண்பர். இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். என் பாறையின் பின்பக்கம் ஜோவாந்திட் சில இருக்கின்றன, பொத்தான்போல் ஒட்டியிருக்கும் பவளத்துக்கு உறவான உயிர்கள். அந்த இனத்தில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் உண்டு. கொதிக்க வைத்த பாறையின் ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 8

எய்ப்டேசியாவைத் தின்னும் என்று கேட்டு, ஒரு கடையில் பெப்பர்மின்ட் இறால் இரண்டு வாங்கி வந்தேன். வீட்டில் பையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால் முதுகு கூனலாக, சிவப்புக் கோடுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடும் புள்ளியும். பெப்பர்மின்ட்டுக்கு வெள்ளை கிடையாது. இது கேமல் இறால், பவளத்தைக் கடிக்கும். பையைப் பிரிக்காமலே கொண்டுபோய் உண்மையான பெப்பர்மின்ட்டாக மாற்றிக்கொண்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

மூன்று நாளாகத் தொட்டியிலிருந்து 'டக்' என்று சத்தம். கண்ணாடி விரிசல் விடுகிறதோ என்று முதல் நாள் தூக்கமே போனது. இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்: மான்டிஸ் இறால் அல்லது பிஸ்டல் இறால். முதலாவது என்றால் மீன் விடவே முடியாது. கும்பிடுபூச்சி மாதிரி மடித்த கையும், காம்பின்மேல் உருளும் கண்ணும் அதன் அடையாளம்.

நேற்று இரவு ஒன்றரை மணிக்குப் பொந்து வாசலில் ஒரு கொடுக்கு தெரிந்தது. அப்புறம் இன்னொன்று, முதலாவதில் பாதிகூட இல்லை. ஒரு கை பெரிது, ஒரு கை சிறிது. பிஸ்டல் இறால்! கொடுக்கை மூடும் வேகத்தில் நீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உண்டாகிறது. சத்தம் கொடுக்கு மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி நொறுங்குவதால் என்று 2000-இல் கண்டுபிடித்தார்கள். நொறுங்கும் நொடியில் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்றும் வெளிப்படுகிறது, உள்ளே வெப்பம் 5,000 கெல்வினுக்குக் குறையாது என்று மறு வருடம் சொன்னார்கள். விரல் நீளம்கூட இல்லாத உயிர், என் வரவேற்பறையில்! மனைவியை எழுப்பிக் காட்டினேன். கோபிக்காமல் வந்து பார்த்தாள்.

மார்ச் 22

கண்ணாடியில் நட்சத்திரம்போல் ஒன்று, 2 மில்லிமீட்டர், கிளைத்த கால்களால் நடக்கிறது. தூத்துக்குடியில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோவில் காட்டினேன். "ஏலே, குட்டிச் சொறில்லா அது? கையால தொட்டுராத, அரிக்கும்." தேடிப் பார்த்தேன். ஊர்ந்து திரியும் ஹைட்ராய்டு வகைச் சொறிமீன்தான், அதாவது ஜெல்லிமீன். அம்மா பார்த்த மாத்திரத்தில் சொன்னதற்கு எனக்கு ஒரு மணி நேரம் பிடித்தது.

மார்ச் 30, ஞாயிறு

எய்ப்டேசியா நாலில் மூன்றைக் காணோம். பெப்பர்மின்ட் இறால்கள் ராத்திரியில் வேலை செய்கின்றன. நாலாவது மட்டும் கை எட்டாத இடுக்கில் இருக்கிறது, பார்க்கலாம்.

பத்தரை மணிக்குப் பின்கண்ணாடியில் கறுப்பாக ஏதோ ஊர்ந்தது. அரிசி அளவு. பூதக்கண்ணாடியை வைத்தேன். முதுகில் பாதி நகம்போல் ஓர் ஓடு. அது ஊர்ந்துபோன வழியில் மட்டும் பாசி இல்லாமல் கோடு விழுந்திருந்தது. டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.