கூரையேறிய தாச்சி

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாமி எங்களோடு கதைப்பதில்லை. காரணம் காணியுமில்லை, சீதனமுமில்லை. எங்கள் கூரையில், வலப்புறத்திலிருந்து மூன்றாவது புகைக்கூட்டுக் குழாயின் மேல் கவிழ்ந்திருக்கும் ஒரு தாச்சிச் சட்டி.

இலண்டன் குறொய்டனில் எங்கள் தெரு வீடுகளெல்லாம் விக்டோரியா மகாராணி காலத்தவை. அறைக்கொரு கணப்பு, கணப்புக்கொரு புகைவழி, புகைவழிக்கொரு சுடுமண் குழாய் என்று கணக்குத் தப்பாமல் கட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால் பக்கத்து வீட்டு அம்மையாருக்கும் எங்களுக்கும் பொதுவான செங்கல் தூணின் உச்சியில், கலியாண வீட்டுப் பந்திக்கு முந்தியவர்களைப் போல எட்டுக் குழாய்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 1952 டிசம்பரில் இலண்டனை ஐந்து நாள் மூடிய நிலக்கரிப் புகைமூட்டம் ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுபோனது. 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பிறகு எரிவாயுவும் ரேடியேட்டரும் வந்தன. நிலக்கரி போனபின்னும் குழாய்கள் மட்டும் வாயைத் திறந்தபடியே நின்றுவிட்டன. அந்த வாயில் விழுகிற மழை நேரே அம்மாவின் அறைக்கு இறங்கும். இறங்கும்போது நூறு வருடத்துக் கரியையும் கரைத்துக்கொண்டு வரும்.

மழையோடு நின்றிருந்தால் ஒரு வாளியை வைத்துச் சமாளித்திருப்போம். ஜாக்டோ என்று இங்கே ஒரு காகம் இருக்கிறது. சாம்பல் கழுத்தும் வெளிறிய கண்ணுமாக, வட்டிக்குக் கொடுத்தவரைப் போலப் பார்க்கும். அது கூடு கட்டும் முறை என்னவென்றால், புகைவழிக்குள் சுள்ளிகளை ஒவ்வொன்றாகப் போட்டு, ஏதாவதொன்று குறுக்கே சிக்கும்வரை போட்டுக்கொண்டே இருப்பது. இந்த வசந்தத்தில் சிக்காமல் அம்மாவின் கணப்பில் விழுந்த சுள்ளிகளைக்கொண்டு தெருவுக்கே பொங்கியிருக்கலாம். முட்டையும் குஞ்சுமாக இருக்கும் கூட்டில் கைவைக்க 1981ஆம் ஆண்டுக் காட்டுயிர்ச் சட்டம் விடாது என்பதால், அந்தக் குடும்பம் பறந்துபோகும்வரை நாங்கள்தான் வாடகைக்கு இருப்பவர்களைப் போலக் குரலடக்கி வாழ்ந்தோம்.

குழாய்க்குப் போடும் மூடி கடையில் முப்பது நாற்பது பவுணுக்குக் கிடைக்கும். அதை மேலே கொண்டுபோய் வைப்பதற்குத்தான் சாரம் கட்ட வேண்டும், அதற்கு எழுநூறு பவுண் ஆகும் என்றார்கள். "சாரம் கட்ட எழுநூறு பவுணோ? நான் அறுபது வருசமாச் சும்மாதானே கட்டுறன்" என்றார் அப்பா, இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை இறுக்கியபடி. அத்தோடு அந்தப் பேச்சு நின்றுபோனது.

ஒக்டோபரில் பக்கத்து வீட்டுக் கூரை ஓடு மாற்றச் சாரம் கட்டினார்கள். ஊரார் வீட்டு நெய்யைக் கண்ட பெண்டாட்டியைப் போல நான் ஓடிப்போய்க் கேட்டதில், நாற்பது பவுணும் ஒரு தட்டு ரோல்ஸும் கொடுத்தால் எங்கள் நான்கு குழாய்களையும் மூடித் தருவதாக அந்தக் கூரை வேலைக்காரர் ஒப்புக்கொண்டார். மூடிகள் சனிக்கிழமை காலைக்குள் என் கையால் தயாராக வேண்டும் என்பதுதான் நிபந்தனை. சீமெந்தைக் குழைத்து ஒரேயடியாக அடைத்துவிட்டால் என்ன என்று கேட்டேன். காற்று ஓடாத புகைவழி உள்ளே வியர்த்துச் சுவரெல்லாம் மஞ்சள் கறை பிடிக்கும், மழை இறங்கக்கூடாது, காற்று இறங்க வேண்டும், கீழே கணப்பை மறைத்த பலகையிலும் காற்றுத்துளை இருக்க வேண்டும் என்று, ரோல்ஸைக் கடித்தபடியே பாடம் நடத்தினார். எந்தக் குழாயின் கீழும் எரிவாயுக் கணப்பு எரியவில்லை என்பதை ஒவ்வோர் அறையாக வந்து பார்த்த பிறகே மேலே ஏறினார். அந்த ஒரு காரியத்துக்காக அவருக்கு இன்னும் இரண்டு ரோல்ஸ் கொடுத்தேன்.

நான் செய்த முதல் மூடி, நத்தார் பிஸ்கட் தகரத்தில் செய்தது, தோட்டத்துக் காற்றிலேயே வேலி தாண்டியது. வேறு தகரம் தேடப்போன இடத்தில், குசினி அலுமாரியின் அடித்தட்டில், ஓய்வுபெற்ற அலுமினியத் தாச்சிகள் ஐந்தாறு ஒன்றுக்குள் ஒன்றாகப் படுத்திருப்பதைக் கண்டேன். கவிழ்த்தால் மழை வழுகி ஓடும் வளைவு, குழாயின் பத்து அங்குல வாயைத் தாண்டி நிற்கும் விளிம்பு, கம்பி கோத்து இறுக்க இரண்டு காது, துருவும் பிடிக்காது. இந்த வேலைக்கென்றே யாரோ வார்த்ததைப் போலிருந்தது. மூன்று விரல் இடைவெளி விட்டு, சுற்றிவரக் கோழிக்கூட்டு வலை அடித்து, நான்கையும் வெள்ளிக்கிழமை இரவே முடித்தேன். கம்பிக்கும் வலைக்குமாக ஒன்பது பவுண் செலவு. அடுத்த வாரம் பெய்த மழையில் அம்மாவின் வாளி காய்ந்தே கிடந்தது. நான் ஒவ்வொருவராகக் கூட்டிவந்து அதைக் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மாமி காரிலிருந்து இறங்கி, முந்தானையைச் சரிசெய்து, தற்செயலாக அண்ணாந்து பார்த்தார். "உது என்ர தாச்சியெல்லோ?" அது அத்தனை உயரத்தில் இருந்தும் அடையாளம் கண்டுவிட்டார்; ஒரு காது உடைந்து, அந்த இடத்தில் மாமா பித்தளையில் போட்டுக்கொடுத்த காது அது. மூத்தவளின் முதலாம் பிறந்தநாளுக்கு வடை சுட இரவல் வாங்கினோமாம். மூத்தவள் இப்போது கார் ஓட்டப் பழகுகிறாள். புதிதாக இரண்டு வாங்கித் தருகிறோம் என்றோம். அந்தத் தாச்சியில் சுட்டால்தான் வடை வடையாக வரும் என்று சொல்லி, தேநீரும் குடியாமல் போய்விட்டார்.

பக்கத்து வீட்டுச் சாரத்தைப் போன வியாழனே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அப்பா தன்னுடையதை மடித்துக் கட்டிக்கொண்டு நேற்று முழுவதும் ஏணியைத் தேடினார். அதை அம்மா ஒளித்து வைத்துவிட்டார்.